‘பழகிப் போகும்’ என்ற ஒரே பதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்கிலங்கையில் வாகரையிலிருந்து பொத்துவில் வரை, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன ஒருவரேனும் இல்லாத ஒழுங்கையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். போய் ஐந்தாறு கிழமையிலோ சில மாதத்திலோ அங்கிருந்து அழைப்பு வருகிறது: “என்னால ஏலாது, என்னைக் கூப்பிட்டு எடுங்க.” இங்கிருந்து போகும் பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: “கொஞ்சம் பொறு பிள்ள, பழகிப் போகும்.” சோறு வாய்க்குப் பிடிக்காமல் அழுகிறவருக்கும் அதே பதில், மூன்று மாதமாகச் சம்பளம் கிடைக்காமல் அழுகிறவருக்கும் அதே பதில். முதலாமவருக்கு அது சரியான பதிலாக இருக்கலாம். இரண்டாமவரின் வாயை அது அடைத்துவிடும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் போகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

புது நாட்டில் வரும் இந்தத் தத்தளிப்பைப் பண்பாட்டு அதிர்ச்சி என்பார்கள். கலர்வோ ஒபெர்க் என்ற மானிடவியலாளர் 1960இல் எழுதிய கட்டுரை இந்தச் சொல்லைப் பரப்பியது. முதலில் எல்லாம் புதுமையாக இருக்கும், பிறகு எரிச்சலும் ஏக்கமும், பிறகு மெல்ல வழி பிடிபடும், கடைசியில் இயல்பாகிவிடும் என்று நான்கு கட்டங்களை அவர் சொன்னார். எல்லாருக்கும் அந்த வரிசையில் வருவதில்லை. நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைப் பின்தொடர்ந்து 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு, போய் இறங்கிய ஆரம்ப நாட்களே அவர்களுக்கு மிகக் கடினமாக இருந்தன என்று காட்டியது. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். விமான நிலையத்திலிருந்து நேரே அடுப்படிக்குப் போகிறவருக்குப் புதுமை பார்க்க நேரம் ஏது?

பெரிய இடி ஒன்று விழுந்து மனம் உடைவது குறைவு. நூறு சின்ன விடயங்கள் சேர்ந்துதான் ஆளைக் களைக்கப்பண்ணுகின்றன. ஊரில் யோசிக்காமலே செய்ததையெல்லாம் அங்கே யோசித்துச் செய்ய வேண்டும். ‘ஓம்’ சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் தலையை இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டுவோம். அரபு வீட்டில் அதை ‘இல்லை’ என்றோ, அலட்சியம் என்றோ எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் நாக்கைத் தட்டி ‘ச்’ என்று சொல்லி நாடியை மேலே தூக்கினால் ‘இல்லை’ என்று பொருள். நம் காதுக்கு அது இளக்காரமாகப் படும். ஐந்து விரல்களையும் மேல்நோக்கிக் குவித்துக் கையை ஆட்டினால் ‘கொஞ்சம் பொறு’ என்று அர்த்தம். அதை மிரட்டல் என்று நினைத்து நடுங்குகிறவர்கள் உண்டு. வீட்டுக்காரியை ‘மாமா’ என்றும் வீட்டுக்காரரை ‘பாபா’ என்றும் கூப்பிடச் சொல்வார்கள். பெண்ணைப் பார்த்து மாமா என்று கூப்பிட நம் நாக்கு மறுக்கும். சத்தமாகப் பேசுவது அங்கே பல வீடுகளில் பேச்சு வழக்கு, ஏச்சு அல்ல. சத்தத்தை விட்டுவிட்டு முகத்தையும் சொல்லையும் பாருங்கள்.

இதில் அதிகம் சேதம் செய்வது, விளங்காமலே சிரித்துக்கொண்டு ‘ஓம்’ சொல்வது. மரியாதைக்காகத்தான் சொல்கிறோம். ஆனால் சொன்ன வேலை நடக்காதபோது ‘பொய்க்காரி’ என்ற பெயர் வந்துவிடும். அதன் பிறகு எந்த நியாயத்தைச் சொன்னாலும் எடுபடாது. ஆகவே போக முன்னரே மூன்று வசனங்களை வாய் தானாகச் சொல்லுமளவுக்குப் பாடமாக்க வேண்டும்: ‘மா ஃபஹம்த்’ (எனக்கு விளங்கவில்லை), ‘மர்ரா தானியா’ (இன்னொரு தரம்), ‘ஷ்வய் ஷ்வய்’ (மெல்ல மெல்ல). பெண்ணுக்கு ஏவும்போது ‘தஆலி’ என்றால் வா, ‘ஜீபி’ என்றால் கொண்டு வா, ‘ரூஹி’ என்றால் போ. சமையலறையில் முதல் நாளே மில்ஹ் உப்பு, கம்மூன் சீரகம், ஹேல் ஏலம், குர்கும் மஞ்சள் என்று கொப்பியில் தமிழில் எழுதி, டப்பாவின் நிறத்தையும் பக்கத்தில் குறித்துக்கொண்டால் இரண்டாம் கிழமை தேடலும் திட்டும் பாதியாகும். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். இருபது சொல் படிக்க வெளிக்கிட்டு மூன்றாம் நாள் கொப்பியை மூடி வைக்கிறவர்களே அதிகம்.

காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கத்துச் சகோதரிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ‘நம்ம மார்க்கத்து வீடுதானே’ என்ற நம்பிக்கையோடு போகிறவருக்கு அதிர்ச்சி சில வேளை கூடுதலாக இருக்கும். தொழுகை ஒன்று. சாப்பாடு, நித்திரை, உடுப்பு, பிள்ளைகளைக் கண்டிக்கும் விதம், வேலைக்காரரை நடத்தும் விதம் எல்லாம் வேறு. எதிர்பார்ப்பு எவ்வளவு பெரிதோ ஏமாற்றமும் அவ்வளவு பெரிது. நோன்பு மாதத்தை ஊர் ரமழானை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். பல வீடுகளில் இரவு பகலாகிவிடும். நோன்பு திறக்கச் சமையல், விருந்தாளிகள், பாத்திரம், பிறகு சஹர் (நோன்பு தொடங்க முன் விடியற்காலையில் சாப்பிடுவது) சமையல் என்று விடியும்வரை அடுப்படி ஓயாது. பிறை நாட்காட்டி வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்வதால், எந்த மாதத்தில் வரும் என்று பார்த்து, அதற்கு முந்திய கிழமையே பகல் நித்திரைக்கான நேரத்தை வீட்டுக்காரியிடம் பேசி எடுத்துக்கொள்ள வேண்டும்.

நித்திரையைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. விடியற்காலை நாலரை, ஐந்துக்கு எழும்பிப் பழகிய உடம்பு நம்முடையது. வேலை செய்யும் வீடோ இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டு ஒரு மணிக்குப் படுக்கும். பழக்கத்தில் ஐந்துக்கே கண் விழித்துவிட்டால் நித்திரை நான்கு மணித்தியாலம்தான். ஒரு கிழமை இப்படிப் போனால் எவருக்கும் அழுகை வரும், கோபம் வரும், கையிலிருந்து கோப்பை விழும். முதல் பத்து நாளும் பகலில் அரை மணித்தியாலமாவது படுக்கப் பார்க்க வேண்டும், மாலைக்குப் பிறகு தேத்தண்ணீர் வேண்டாம். நித்திரை மாத்திரை, கொடீன் அல்லது ட்ரமடோல் கலந்த வலி மாத்திரை எதையும் ஊரிலிருந்து கொண்டுபோகக் கூடாது. வளைகுடா நாடுகளில் அவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள், முன் அனுமதியில்லாமல் பையில் இருந்தால் விமான நிலையத்திலேயே வழக்காகும்.

வெளியில் வேலை செய்யும் ஆண்களின் எரிச்சலில் பாதி வெயிலால் வருவது. 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை தண்ணீர், தாகம் வருமுன்னரே. சிறுநீர் கடும் மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை. கோடையில் நடுப்பகல் வெளிவேலைக்குச் சட்டத் தடை இருக்கிறது: சவூதியில் யூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை 12 மணி முதல் 3 மணி, கட்டாரில் யூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணி முதல் மாலை 3.30.

இனிப் பிரித்துப் பார்க்கும் விடயம். சோறு, மொழி, சத்தம், குளிர்சாதனக் குளிர், தனிமை, நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதது எல்லாம் மனதை நோகப்பண்ணும். இவை பழக்க வித்தியாசம், காலம் எடுத்துப் பழகலாம். சம்பளத்தைப் பிடித்து வைப்பது, கடவுச்சீட்டைப் பறித்து வைப்பது, கிழமையில் ஒரு நாளும் ஓய்வு தராதது, கைநீட்டுவது, உடம்பைத் தொடுவது, போனைப் பூட்டி வைப்பது ஆகியவற்றை எந்த நாட்டின் பண்பாடு என்றும் சொல்ல முடியாது. அந்த நாடுகளின் சட்டங்களே அப்படிச் சொல்கின்றன. கட்டாரின் 2017ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு நாளுக்கு 10 மணித்தியால வேலையை உச்சமாக வைத்து, கிழமைக்கு 24 மணித்தியாலத் தொடர் ஓய்வும் தருகிறது. குவைத்தில் 2015ஆம் ஆண்டு 68ஆம் இலக்கச் சட்டப்படி உச்சம் 12 மணித்தியாலம், கிழமைக்கு ஒரு நாள் விடுமுறை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022இன் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான விதிகள் நாளுக்கு 12 மணித்தியால ஓய்வு வேண்டும், அதில் 8 தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்கின்றன. சட்டம் இருப்பதும் அது நடப்பதும் வேறு வேறு என்பது தெரியும். என்றாலும் ‘இது இந்த நாட்டு வழக்கமாக்கும்’ என்று நினைத்துத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, இது வழக்கமல்ல என்று தெரிவதே முறைப்பாட்டின் முதல் படி.

இதற்கு 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். முன்பக்கத்தில் சொற்கள். பின்பக்கத்திலிருந்து நாட்குறிப்பு: திகதி, எழும்பிய நேரம், படுத்த நேரம், சம்பளம் கிடைத்த நாளும் தொகையும், மனதை நோகடித்த சம்பவம் ஒரே வரியில். ஆத்திரம் வந்த அன்றே முடிவெடுக்காமல், கிழமை முடிவில் அந்த வரிகளைத் திருப்பி வாசியுங்கள். ‘பிள்ளைகள் கத்தினார்கள்’, ‘சோற்றில் உறைப்பில்லை’ போன்ற வரிகள் மாதம் போகப்போகக் குறைந்தால் மனம் பழகுகிறது. ‘ஐந்து மணித்தியாலம்தான் படுத்தேன்’, ‘சம்பளம் அடுத்த மாதம் என்றார்கள்’ என்பவை திரும்பத் திரும்ப வந்தால் தூதரகத்தின் தொழிலாளர் நலப் பிரிவுக்குச் சொல்ல வேண்டிய நேரம் அது. அப்போது இந்தக் கொப்பியே சாட்சியாகும். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து ஊருக்கு அனுப்பிவிடுங்கள், கொப்பி தொலைந்தாலும் படம் இருக்கும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது இதைவிடக் கூட. சவூதி, குவைத், கட்டார், பஹ்ரைன் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். அமீரகமும் ஓமானும் ஒன்றரை மணித்தியாலம் பின்னால். நாம் இரவுச் சாப்பாட்டை முடித்து எட்டு மணிக்கு எடுக்கும்போது றியாத்தில் மாலை ஐந்தரை, வேலை உச்சத்தில் இருக்கும் நேரம். அழைப்பை எடுக்காவிட்டால் இங்கே ஒப்பாரி, எடுத்தால் அங்கே ஏச்சு. வாரத்தில் இரண்டு நாள், இன்ன நேரம் என்று பேசி வைத்து, மற்ற நாட்களில் ஒரு நிமிடக் குரல்செய்தி அனுப்பினால் போதும். அமீரகத்தில் வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், அழைப்பு எடுபடாது. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலியைப் போக முன்னரே போனில் போட்டுக் காட்டிக்கொடுங்கள். இது தெரியாமல் ‘பிள்ளையைப் பூட்டி வைத்திட்டாங்க’ என்று ஊரே திரளத் தேவையில்லை.

பேசும்போது நாள் முழுவதும் நடந்ததைக் கேளுங்கள், புத்தி சொல்வதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். “ஆர் என்ன சொன்னது? சாப்பிட்டியா? எத்தனை மணிக்குப் படுத்தாய்? சம்பளம் வந்ததா?” இந்த நான்கு கேள்விகளிலேயே எது ஏக்கம், எது அநியாயம் என்று தெரிந்துவிடும். சின்னப் பிள்ளையைப் போனில் அழவிட்டு அம்மாவைக் கூப்பிட வைப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பிள்ளை வரைந்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.

கடனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதல் சம்பளம் கையில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இங்கே கிழமைக்கடன்காரர் வாசலில் நிற்பார். ‘காசு எப்ப வரும்’ என்ற கேள்வி மூன்றாம் கிழமையிலேயே போனில் போனால், பழக வேண்டிய மனம் பயத்தில் உறைந்துவிடும். அநியாயம் நடந்தாலும் சொல்லாமல் மறைக்க வைப்பதும் அந்தக் கடன்தான். மூன்று மாதத் தவணைக்கான காசு கையில் இல்லாமல் பயண நாளைக் குறிக்காதீர்கள்.

கொரியாவுக்குப் போகும் தம்பிமாருக்கு வேறு அதிர்ச்சி காத்திருக்கிறது. எதையும் ‘பலி பலி’, கெதியாக என்ற வேகம் அங்கே தொழிற்சாலையின் மூச்சு. மூத்தவரிடம் எதையும் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்கு எதிரி இருட்டு. டிசம்பர் கடைசியில் லண்டனில் நான்கு மணியளவிலேயே பொழுதுபட்டுவிடும், பகல் எட்டு மணித்தியாலம்கூட இல்லை. மட்டக்களப்பில் எந்த மாதத்திலும் பகல் பதினொன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது. மத்தியானத்தில் அரை மணித்தியாலம் வெளியில் நடப்பதை மருந்துபோல எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்து நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் விருப்பமில்லை, ‘இருந்து என்ன’ என்ற பேச்சு வருகிறது என்றால் அதைப் பண்பாட்டு அதிர்ச்சி என்று தள்ளிவைக்கக் கூடாது. வைத்தியம் வேண்டும், தேவையானால் ஊருக்கு எடுக்கவும் வேண்டும். இங்கிருக்கும் குடும்பத்தினர் தேசிய மனநல உதவி இலக்கம் 1926இல் ஆலோசனை கேட்கலாம். வேலை தொடர்பான முறைப்பாட்டுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இலக்கம் 1989. இந்த நான்கு இலக்க எண்களை வெளிநாட்டிலிருந்து அழுத்தினால் வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். அந்த நாட்டிலுள்ள நமது தூதரகத்தின் முழு இலக்கத்தைக் கொப்பியின் மட்டையிலும், பாவாடை ஓரத்தில் தைத்த துண்டிலும் எழுதி வையுங்கள். போனைப் பறித்தாலும் அது மிஞ்சும்.

வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளையும் பயிற்சி நிலையங்களையும் இரண்டு விடயங்கள் கேட்கிறோம். ஒப்பந்தத்தின் பிரதியைத் தமிழில் வாசித்து விளக்கி, போகிறவர் கையில் ஒன்று, வீட்டில் ஒன்று கொடுங்கள். மைக்ரோவேவையும் சலவை இயந்திரத்தையும் காட்டிக்கொடுக்கும் பயிற்சியில் ஒரு நாளை ஒதுக்கி, ஊரில் போனை எடுக்கப் போகிற கணவரையோ தாயையோ மூத்த பிள்ளையையோ அழைத்து, மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் நேரக் கணக்கையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் அதற்கு மண்டபம் தேடுவது கஷ்டமில்லை.

இப்படிக்கு,
வெளிநாடு செல்வோருக்கும் திரும்பி வந்தோருக்கும் உதவிவரும் சிலர்,
மட்டக்களப்பு.