ரோடு போட்டவன் எழுதும் கடிதம்

பாப்பா,

நீ போனில் சொன்ன காட்டின் பெயரைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. அமெரிக்காவின் ஐடஹோவில் ‘திரும்பி வராத ஆறு’ என்று பெயர் வைத்த காட்டுக்குள், 23 லட்சம் ஏக்கருக்கு மேல், பத்து நாள் பாதை சீர்செய்யப் போகிறேன் என்றால் எந்த அம்மா தூங்குவாள்? சால்மன் ஆற்றில் இறங்கிய படகை அந்தக் காலத்தில் எதிர் வெள்ளத்தில் மேலே ஏற்ற முடியவில்லை, அதனால் வந்த பெயர், ஆட்கள் திரும்பி வருவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை.

போன வருஷம் உன்னோடு காட்டில் நடந்தபோது முழங்கால் வலியில், இவ்வளவு பணக்கார நாட்டில் ஒரு ஜீப் போகிற அளவுக்காவது ரோடு வெட்டக் கூடாதா என்று புலம்பினேனே. நீ ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாய். முப்பது வருஷம் ரோடு போட்டவன் நான், பதில் எனக்கே தெரியும் என்பதுதான் வெட்கம். மலையில் ரோடு என்றால் சரிவை வெட்டி மண்ணைக் கீழே தள்ளுவது. அடுத்த மழையில் அந்த மண் ஓடைக்கு இறங்கும், சரளைக் கல்லுக்கு நடுவே கிடக்கும் சால்மன் முட்டை மேல் படிந்து மூச்சை அடைக்கும். ஓடைத் தண்ணீர் போக ரோட்டுக்கு அடியில் வைக்கிற கல்வெர்ட் குழாயின் வாய் கொஞ்சம் உயரமாக அமைந்துவிட்டால் மீன் மேலே ஏறவே முடியாது. நான் வைத்த குழாய்களுக்குக் கணக்கில்லை, மீனை ஒரு நாளும் நினைத்ததில்லை. அப்புறம் டயரில் ஒட்டிக்கொண்டு களை விதை வரும், பின்னாலேயே சிகரெட் நெருப்பு வரும், ரம்பமும் வரும்.

உன் காட்டுக்கு, ரோடும் மோட்டாரும் கூடாது என்கிற 1964ஆம் வருஷச் சட்டம் காவல். அதை எழுதிய ஹோவர்ட் ஸானைசர், கையெழுத்தாவதற்கு நாலு மாதம் முன்பு இறந்துபோனார், அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்தச் சட்டத்துக்கு வெளியே 5.85 கோடி ஏக்கர் தேசிய வனத்தில் புது ரோடும் பெருமளவு மரவெட்டும் கூடாது என்று 2001இல் கொண்டுவந்தது வெறும் விதிதான். அரசாங்க வேலை பார்த்தவனுக்குத் தெரியும், ஜி.ஓ. வேறு, சட்டம் வேறு. நாற்காலி மாறினால் ஜி.ஓ. மாறும். அலாஸ்காவின் டோங்கஸ் காட்டை 2020இல் அந்த விதியிலிருந்து எடுத்தார்கள், 2023இல் திரும்பச் சேர்த்தார்கள், 2025இல் விதியையே ரத்து செய்யப் போவதாக அறிவித்தார்கள். ஒருமுறை வெட்டிய சரிவை எந்த ஜி.ஓ.வாலும் ஒட்டவைக்க முடியாது, அதுதான் எனக்கு ஆத்திரம்.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். மோட்டார் ரம்பம் கூடாத இடம், இரண்டு பேர் பிடிக்கிற ரம்பம்தான் என்றாய். உன் முறை வரும்போது இழு, எதிராளி இழுக்கும்போது கையைத் தளர்த்து, தள்ளாதே, தள்ளினால் தகடு வளையும். கரடி ஸ்ப்ரே பையின் அடியில் இருந்து பிரயோஜனமில்லை, இடுப்பில் இருக்கட்டும்.

சாட்டிலைட் கருவியில் தினமும் ராத்திரி ஒரு செய்தி அனுப்பு. ‘சரி’ என்று இரண்டு எழுத்து போதும், அம்மாவுக்குக் காட்ட.

அப்பா