குறிப்புதவி மேசையில் ஓர் ஆளை உட்கார வையுங்கள்

பொது நூலகங்களை நிர்வகிக்கும் உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் குறிப்புதவிப் பிரிவு, அதாவது ரெஃபரன்ஸ் பிரிவு, என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். அகராதி, களஞ்சியம், கெசட்டியர் என்கிற மாவட்ட விவர நூல், கல்வெட்டுத் தொகுதி, பழைய ஆண்டறிக்கை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, சுவரில் பலகையும் இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவரை "என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்க ஆள்தான் இல்லை. இது எங்கள் ஊரில் மட்டும் என்றால் உள்ளூரிலேயே பேசி முடித்திருப்பேன். வேலை காரணமாக நான் போய்வந்த வேறு சில மாவட்டங்களிலும் இதே நிலைதான். அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி உங்களுக்கு எழுதுகிறேன்.

போன மாதம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அறுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை, அதில் மடித்து வைத்த மனுவின் நகல். அவர்கள் ஊர் ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை யாரோ அடைத்துவிட்டார்கள், அப்படி ஒரு வாய்க்கால் இருந்ததே இல்லை என்று இப்போது சாதிக்கிறார்களாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். அந்த ஏரியைப் பற்றி வெள்ளைக்காரன் காலத்துப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது, பெரிய லைப்ரரியில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள் என்று ஊர் வாத்தியார் ஒருவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வாத்தியார் சொன்னதில் தப்பே இல்லை. அந்தப் புத்தகம் அங்கே இருக்கிறது. கண்ணாடி அலமாரியின் இரண்டாம் தட்டில், சிவப்புக் காலிகோ அட்டை, முதுகில் பகுப்பு எண் எழுதிய சீட்டு பாதி கிழிந்து தொங்க, நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அலமாரியில் பூட்டு.

இரவல் பிரிவில் இருந்த ஊழியர் "சாவி சார்கிட்ட இருக்கு, சார் மீட்டிங் போயிருக்கார், நாளைக்கு வாங்க" என்றார். "நாளைக்கு சார் இருப்பாரா?" என்று பெரியவர் கேட்டார். அது ஊழியருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொருவர், நல்ல எண்ணத்தில்தான், "கூகுள்ல போட்டா வந்துடுமே ஐயா" என்றார். பெரியவரிடம் இருந்தது பட்டன் போன். அவர் கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. அலமாரிக்கு முன்னால் போய் நின்று கண்ணாடி வழியே ஒவ்வொரு முதுகாகப் பார்த்தார். எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. எந்தப் புத்தகம் என்றுகூட அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் காட்டுவார் என்று நம்பித்தான் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

நான் என் போனில் தேடிப் பார்த்தேன். பழைய கெசட்டியர்கள் பலவும் இணையத்தில் ஸ்கேன் வடிவில் கிடைக்கின்றன, உண்மைதான். ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்கள், மங்கலான அச்சு, உள்ளங்கை அகலத் திரை. ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்தால் வராது, ஏனென்றால் தஞ்சாவூரைத் தஞ்சோர் என்றும் தூத்துக்குடியை டூட்டிகோரின் என்றும் எழுதியவர்கள் ஒரு சின்னக் கிராமத்தின் பெயரை எப்படி எழுதியிருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? நான் தேடி முடிப்பதற்குள் அவருடைய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இதே வேலை பழகிய ஒரு நூலகருக்குச் சில நிமிடம். 1906-இல் வந்த தஞ்சாவூர், மதுரை கெசட்டியர்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், கடைசி அத்தியாயம் தாலுகா வாரியாக முக்கியமான ஊர்களைச் சொல்லிக்கொண்டு போகும், பாசனத்துக்கும் தனியாகப் பக்கங்கள் உண்டு. அந்த இரண்டு இடத்தைப் பார்த்து, இருந்தால் வரியைப் படித்துத் தமிழில் சொல்லி, பக்க எண்ணோடு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கலாம். இல்லை என்றால், "இதில் இல்லை ஐயா, தாலுகா ஆபீஸில் பழைய கிராமக் கணக்கைக் கேளுங்கள், ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் பாருங்கள்" என்று அடுத்த வழியைக் காட்டியிருக்கலாம். இல்லை என்ற பதிலையாவது அவர் தெளிவாக வாங்கிக்கொண்டு போயிருப்பார். குறிப்புதவி என்றால் இவ்வளவுதான். இதற்குத்தான் ஆள் கேட்கிறேன்.

இந்த யோசனை வெளியிலிருந்து வந்ததும் இல்லை. 1892-இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார், லண்டனுக்குப் போய் நூலகவியல் படித்துவிட்டு வந்தார், 1931-இல் ஐந்து விதிகளை எழுதினார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. வாசகருக்கும் நூலுக்கும் நடுவே நின்று இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு மனிதர் வேண்டும் என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னார், குறிப்புதவிப் பணிக்கென்றே தனி நூலும் எழுதினார். அவர் பிறந்த ஆகஸ்ட் 12-ஐ ஆண்டுதோறும் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம், படத்துக்கு மாலை போடுகிறோம், அவர் பெயரில் விருதும் கொடுக்கிறோம். அதெல்லாம் நடக்கட்டும். அவர் கேட்ட அந்த மனிதரையும் மேசையில் உட்கார வையுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது நம் மாநிலத்தில்தான், 1948-இல். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் நூலக வரி தெரியும், ரூபாய்க்குப் பத்துப் பைசா. குடிசைக்கு வரி கட்டுகிறவரும் அதைக் கட்டுகிறார். அந்தப் பெரியவரும் ஏதோ ஒரு வடிவில் கட்டியிருப்பார். வசூலித்த வரியைச் சில உள்ளாட்சிகள் நூலகங்களுக்குக் கொடுக்காமல் பாக்கி வைத்திருக்கின்றன என்ற செய்தியையும் அவ்வப்போது படிக்கிறோம். மக்களிடம் நூலகத்துக்கென்று வாங்கிய பணம் நூலகத்துக்கு வராவிட்டால் அதைக் கேட்டு வாங்குவது யார் வேலை? எங்களால் முடியாது, உங்களால்தான் முடியும்.

சாவி விஷயத்துக்கு வருகிறேன். ஏன் பூட்டுகிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. இருப்புச் சரிபார்ப்பின்போது ஒரு புத்தகம் குறைந்தால் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும், கையிலிருந்து கட்ட வேண்டி வருமோ என்ற பயம் எல்லா நூலகருக்கும் இருக்கிறது. கெசட்டியர் போன்ற பழைய நூல் தொலைந்தால் திரும்ப வாங்கவும் முடியாது. அந்த நிலையில் யாராக இருந்தாலும் பூட்டத்தான் செய்வார்கள். ஆனால் மேசையில் ஓர் ஆள் இருந்தால் இந்தப் பூட்டுக்கே வேலையில்லையே. அவர் எடுத்துக் கொடுப்பார், கண்முன்னால் படிக்கச் சொல்வார், திரும்ப வாங்கி வைப்பார். ஆள் போடாத குறையைத்தான் இப்போது பூட்டு போட்டுச் சரிக்கட்டிக்கொண்டிருக்கிறோம். ஒழுங்காகப் பயன்பட்டுத் தேய்ந்துபோன புத்தகத்துக்கும் கவனக்குறைவில் தொலைந்த புத்தகத்துக்கும் வித்தியாசம் பார்க்கிற மாதிரி தணிக்கை விதியைத் தளர்த்தினால் இன்னும் நல்லது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த கலைக்களஞ்சியம், இவையெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் புதுக்கருக்கு மாறாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. நாலு பேர் கை பட்டிருக்க வேண்டாமா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் குறிப்புதவி அறையை நிறைத்துவிட்டார்கள், வேறு யாருக்கும் இடமில்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதை நான் ஏற்க மாட்டேன். வீட்டில் தனி அறை இல்லாத பிள்ளைகள் காலையிலேயே வந்து இடம்பிடித்து, சாப்பாட்டு டப்பாவோடு சாயங்காலம் வரை குரூப் 4-க்குப் படிக்கிறார்கள். அவர்கள் வேறு எங்கே போவார்கள்? அவர்களுக்கும் உதவி தேவைப்படுகிறது. பழைய பாடத்திட்டப் பள்ளிப் புத்தகம் எங்கே, இந்த ஆண்டு பொருளாதார ஆய்வறிக்கை வந்துவிட்டதா, இரண்டு கையேட்டில் இரண்டு விடை போட்டிருக்கிறதே எது சரி என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். எதிரிலேயே குறிப்புதவி மேசை, காலியாக. ஒரு பெண் ஒரு சட்டத்திருத்தத்தின் ஆண்டைப் பற்றிச் சந்தேகம் கேட்க எழுந்து, யாரும் இல்லாததைப் பார்த்து, திரும்ப உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஊழியர்களைக் குறைசொல்லி இந்த மடலை எழுதவில்லை என்பதைத் தயவுசெய்து நம்புங்கள். அன்றைக்கு இரவல் பிரிவில் இருந்தவர் புத்தகம் கொடுக்கவும் வேண்டும், திரும்ப வாங்கவும் வேண்டும், உறுப்பினர் சேர்க்கவும் வேண்டும், இடையில் போனையும் எடுக்க வேண்டும். கிளை நூலகங்களில் ஒருவரே இரண்டு ஊரைப் பார்க்கிறார். ஊர்ப்புற நூலகர்கள் காலமுறை ஊதியம் கேட்டு எத்தனையோ ஆண்டுகளாக மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நூலகவியல் பட்டம் வாங்கிய பிள்ளைகள் வேலையில்லாமல் தனியார் பள்ளிகளில் சொற்பச் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். படித்தவர்கள் வெளியே, காலி நாற்காலி உள்ளே. இதைச் சரிசெய்யாமல் அங்கே இருக்கிற ஒன்றிரண்டு பேரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பினால் அது அநியாயம்.

கட்டடம் கட்டுவதில் நாம் குறைவைக்கவில்லை. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-இல் வந்தது, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-இல் வந்தது. போய்ப் பார்த்தேன், உண்மையாகவே பெருமையாக இருந்தது. மாவட்டம்தோறும் புத்தகத் திருவிழாவும் நடக்கிறது. ஆனால் தாலுகா ஊரில் இருப்பவன் ஒரு விவரத்துக்காக மதுரைக்கும் சென்னைக்குமா ஓட முடியும்? திறப்பு விழாவுக்குக் கிடைக்கிற கவனத்தில் ஒரு பங்கு, திறந்த பிறகு உள்ளே யார் உட்காருவார்கள் என்பதற்கும் கிடைக்க வேண்டும். கட்டடம் திறப்பது ஒரு நாள், ஆள் வேண்டியது தினமும். இதைக் கொஞ்சம் சூடாகச் சொல்கிறேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மாவட்ட நூலகத்தில் எல்லாம் இருக்க முடியாது, அதுவும் தெரிகிறது. எழும்பூரில் கன்னிமாரா 1896-இலிருந்து இருக்கிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி அங்கே போய்ச் சேர வேண்டும். மாவட்டத்தில் உட்காரும் குறிப்புதவி நூலகர், தன்னிடம் இல்லாததைக் கன்னிமாராவில் ஒருவரிடம் போன் போட்டுக் கேட்டு, வேண்டிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்ல முடியாதா? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் ஏராளமாக இருக்கின்றன, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994-இலிருந்து பழைய அச்சுகளைக் காப்பாற்றி வருகிறது. இவை இருப்பதே தெரியாமல் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்! நியூயார்க் பொது நூலகம் 1960களிலிருந்தே தொலைபேசியில் கேள்வி கேட்டால் பதில் தேடிச் சொல்கிறது. இங்கே கைபேசி இல்லாத வீடு குறைவு, நூலகத்துக்கு ஒரு எண்ணும் எடுக்க ஓர் ஆளும் போதும்.

எல்லாம்தான் இணையத்தில் வந்துவிட்டதே, இனி எதற்கு இது என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். அவர்களிடம் அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லுங்கள். இணையத்தில் இருப்பதும் தேடத் தெரிந்தவனுக்குத்தான் கிடைக்கிறது. தேடத் தெரியாதவர், ஆங்கிலம் வராதவர், எதை நம்பலாம் என்று குழம்புகிறவர், இவர்களுக்காகத்தானே அந்த மேசை?

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும், நூலகம் திறந்திருக்கும் நேரம் முழுவதும், குறிப்புதவி மேசையில் பயிற்சி பெற்ற ஓர் ஆள் இருக்க வேண்டும். அவருக்கு வேறு பிரிவு வேலையைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அவர் விடுப்பு எடுத்தால் அன்றைக்கு யார் என்பதும் முன்பே தெரிய வேண்டும், அலமாரிச் சாவி நூலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. புதுப் பணியிடம் உருவாக்க நிதித்துறை ஒப்புதல் வர நாளாகும் என்றால், அதுவரை காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்றாவது தொடங்குங்கள், அந்த நேரத்தை வாசலில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வாசகர் வட்டத்தில் இருக்கிற எங்களில் சிலர் நூல்பட்டியலைச் சரிபார்க்கவும் சீட்டு ஒட்டவும் கைகொடுக்கத் தயார். நாங்கள் அந்த ஆளுக்கு மாற்றாக முடியாது, அவரைப் போட வேண்டியது நீங்கள்தான்.

நன்றி.

இப்படிக்கு,
மாவட்ட மைய நூலக உறுப்பினர் ஒருவர்