படத்தில் நிற்கும் நாலாவது ஆள்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ கேட்டிருப்பது நாலு வரியில் பதில் எழுதித் தீர்க்கிற விஷயம் இல்லை.

உன் அம்மாவின் பெட்டியில் கிடைத்த படத்தைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு மனசு என்னவோ செய்தது. ஐந்து பேர் நிற்கிறார்கள், இடப்பக்கமிருந்து நாலாவதாக நிற்பவர் யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவரைத் தேடப் போய், நீயும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து உள்ளூர் வரலாற்றுக்கும் வம்சாவளிக்கும் ஒரு சங்கம் தொடங்கலாமா என்று யோசிக்கிறீர்கள். தாராளமாகத் தொடங்குங்கள். நாலு பேர் போதுமா என்று தயங்க வேண்டாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1845இல் நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் ஐந்தே பேர். அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது. 1847இல் அவர்கள் தொடங்கிய இதழும் நின்றுபோகவில்லை.

எங்கள் சங்கம் ஆறு பேரோடு, ஒரு நூலகத்தின் பின்னறையில் தொடங்கியது. முதல் வருஷம் மாதம் ஒரு சொற்பொழிவு வைத்தோம். வந்தார்கள், ஆர்வமாகக் கேட்டார்கள், போய்விட்டார்கள். வருஷ முடிவில் மறுபடி நாங்கள் ஆறு பேர்தான் மிஞ்சினோம். எல்லோருக்கும் சோர்வாக இருந்தது. அப்போது எங்களில் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, சொன்னார்: "பழைய கல்லறைத் தோட்டத்தில் எழுத்துகள் தேய்ந்துகொண்டே வருகின்றன. அடுத்த மழைக்கு முன்னால் இருக்கிறதையாவது எழுதி வைப்போமே."

அன்றைக்குத்தான் சங்கம் உண்மையில் பிறந்தது என்று நினைக்கிறேன். இரண்டிரண்டு பேராகப் போனோம். ஒருவர் படிக்க மற்றவர் எழுதுவார். எழுதி முடித்த வரிசையை வேறொரு ஜோடி வந்து சரிபார்க்கும். தேய்ந்த எழுத்தின் மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்தால் கல் கெட்டுவிடும், அதைச் செய்யவே கூடாது. ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் விழவைத்தால் போதும், மறைந்துபோன எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். முதல்முறை அப்படி ஒரு குழந்தையின் பெயர் தெரிந்தபோது நாங்கள் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த வேலை தொடங்கியபின் வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இங்கே யாரும் ஊர் வரலாற்றின் மேல் உள்ள ஆசையால் முதலில் வருவதில்லை. தன் பாட்டனாரின் அப்பா யார் என்று தெரிந்துகொள்ளத்தான் வருகிறார்கள். தேடும்போது, தன் விடை யாரோ ஒருவர் முன்பே எழுதிவைத்த பட்டியலில் இருப்பதைப் பார்க்கிறார்கள். அப்புறம் தாங்களும் உட்கார்ந்து, தங்களுக்கு உறவே இல்லாத ஆட்களின் பெயர்களை எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆகவே வருகிறவருக்கு முதல் நாளே ஒரு வேலை கொடு. சின்ன வேலையானாலும் சரி. வெறுமனே உட்காரவைத்தால் அடுத்த மாதம் வரமாட்டார்.

இந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கேயும் வேல்ஸிலும் 1837 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் அரசு பதிவு செய்கிறது. அந்தப் பதிவுகளின் அகரவரிசைப் பட்டியலை ஃப்ரீபிஎம்டி என்ற பெயரில் 1998 முதல் தன்னார்வலர்களே கணினியில் ஏற்றி வருகிறார்கள். கோடிக்கணக்கான வரிகள் ஏறிவிட்டன. பார்க்கக் கட்டணம் கிடையாது. எல்லாம் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் தட்டச்சு செய்தவர்களின் உழைப்பு.

படியெடுக்கும்போது ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதே: உள்ளதை உள்ளபடி எழுது. பதிவேட்டில் பெயர் தவறாக இருந்தால் தவறாகவே எழுது, உன் கருத்தைத் தனிக் குறிப்பாக வை. ஒரே ஆளின் பெயரை மூன்று எழுத்தர்கள் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். நாம் "திருத்தி"விட்டால் பின்னால் தேடுகிறவருக்கு வழி அடைபட்டுவிடும். இந்தத் தொல்லை எல்லா ஊருக்கும் உண்டு. ஒலியை வைத்துப் பெயர்களை ஒன்றுசேர்க்கும் சவுண்டெக்ஸ் என்ற குறியீட்டு முறைக்கு அமெரிக்காவில் 1918லேயே காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள்.

முன்னோர்களுக்கு எண் போடுவது எப்படி என்று கேட்டிருந்தாய். அது சுலபம். நீ 1. உன் அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா; அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. அப்படியானால் உன் அம்மாவின் அப்பா 6, அவருடைய அம்மா 13. பத்துத் தலைமுறை மேலே போனால் அந்த ஒரு தலைமுறையில் மட்டும் 1024 இடங்கள் வரும். அத்தனையும் நிரம்பியவரை நான் பார்த்ததில்லை. காலியிடம் காலியாகவே இருக்கட்டும், ஊகித்து நிரப்பாதே.

எங்களுக்கு ஒரு பெரிய இழப்பும் நேர்ந்தது. எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் பல ஆண்டுகள் உழைத்து, பழைய தெருக்களில் யார் யார் குடியிருந்தார்கள் என்று அட்டை அட்டையாக எழுதி வைத்திருந்தார். எல்லாம் அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. அவர் இறந்து சில வாரங்களில் வீட்டைக் காலி செய்தவர்கள் அதைப் பழைய காகிதமென்று போட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, அது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. பிரதி கேட்டு வாங்காதது எங்கள் தப்பு. இப்போது எங்களிடம் ஒரு விதி இருக்கிறது: எழுதிய எதுவும் வருஷத்துக்கு ஒருமுறை சங்கத்துக்கு ஒரு பிரதியாக வந்தாக வேண்டும்.

பிரதியின் அருமை பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு டப்ளின்தான் ஞாபகம் வரும். 1922 ஜூன் 30 அன்று, அயர்லாந்து உள்நாட்டுப் போரில், அங்கிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டுக் காகிதங்கள் ஒரே நாளில் போய்விட்டன, உயில்களும் அவற்றில் சேர்த்தி. ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வில்லியம் பெத்தம் என்பவர் அந்த உயில்களைப் படித்து, எந்தக் குடும்பம், யாருக்கு யார் பிள்ளை என்று சுருக்கமாகக் குறித்து வைத்திருந்தார். மூலம் சாம்பலானபின் அவருடைய குறிப்புகள் பிழைத்தன. அயர்லாந்தில் வம்சாவளி தேடுகிறவர்கள் இன்றும் அவற்றைப் புரட்டுகிறார்கள். தன் குறிப்பே மூலத்தின் இடத்தில் நிற்கப் போகிறது என்று எழுதும்போது அவருக்குத் தெரிந்திருக்குமா?

இன்னொன்று. உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை வெளியிடாதீர்கள். பிரிட்டனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் தாள்களை 100 ஆண்டுகளுக்கு மூடி வைக்கிறார்கள், அமெரிக்காவில் 72 ஆண்டுகளுக்கு. அதில் நியாயம் இருக்கிறது. ஒருமுறை எங்களிடம் வந்த பெண்மணிக்குத் தன் தந்தை தத்துப்பிள்ளை என்பது எங்கள் மேஜையில் வைத்துத்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் பதிவேட்டை மூடிவிட்டு, அவரோடு வெளியே போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்படி ஒருவர் உங்களிடமும் இருக்க வேண்டும். இதற்கு விதி எழுத முடியாது.

கணக்கு, நிர்வாகம், தலைவர் தேர்வு எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். சாவியும் பதிவேடும் ஒரே ஆளிடம் பத்து வருஷம் தங்கிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சரி, உன் படத்துக்கு வருகிறேன். சங்கம் தொடங்கும்வரை அதற்காகக் காத்திருக்காதே. உன் பெரியம்மா இருக்கிறார் என்று எழுதியிருந்தாய் அல்லவா? இந்த வாரமே போய்ப் பார். "இது யார்?" என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வார். படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, எந்த வீட்டு வாசல், யார் எடுத்த படம், அன்றைக்கு என்ன விசேஷம் என்று கேள். அவர் பேசட்டும், நீ குறுக்கே பேசாதே. அனுமதி கேட்டு அவர் குரலைப் பதிவு செய். அவர் சொன்னதைப் படத்தின் பின்னால் பேனாவால் எழுதிவிடாதே, மை முன்பக்கம் ஊறிவிடும். ஒரு உறையில் பென்சிலால் எழுதி, யார் சொன்னது, எந்தத் தேதி என்பதையும் குறித்து, படத்தை அதற்குள் வை.

நாலாவது ஆளின் பெயர் தெரிந்தால் எனக்கு உடனே எழுது. தெரியாவிட்டாலும் பெரியம்மா வேறு என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்