கைல்மோருக்கு ஒன்றரை மணி நேரம் போதாது

அயர்லாந்தில் தமிழ்க் குடும்பங்களைப் பேருந்தில் ஒருநாள் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

கோடை வந்தால் உங்கள் பயணப் பட்டியலில், மேற்கு அயர்லாந்தின் கன்னிமாரா வட்டாரத்தில் இருக்கும் ஏரிக்கரை மாளிகையான கைல்மோர் தவறாமல் இடம்பெறுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அதே நாளில் கால்வே நகரத்தையும் மோஹர் பாறைகளையும் சேர்த்துவிடுவதால் கைல்மோருக்கு மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். கழிப்பறை வரிசைக்கும் சாப்பாட்டுக்கும் போக, ஏரிக்கு எதிரே நின்று படம் எடுக்கத்தான் நேரம் இருக்கிறது. நுழைவுச்சீட்டோ மாளிகை, தேவாலயம், தோட்டம் மூன்றுக்கும் சேர்த்து. முழுக் காசும் கொடுத்துவிட்டு ஒன்றைக்கூட முழுதாகப் பார்க்காமல் திரும்புகிறார்கள்.

முதலில் பேருந்தில் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்லும் கதையைத் திருத்துங்கள். "இது பழங்காலக் கோட்டை" என்கிறீர்கள். கோட்டையே இல்லை. 1867 செப்டம்பர் 4 அன்று அடிக்கல் நாட்டி 1871இல் முடித்த விக்டோரியா காலத்து நாட்டுப்புற மாளிகை. கொத்தளமும் கோபுரமும் கோத்திக் என்னும் இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி மீதான அந்தக் காலத்து மோகம். தரைத்தளத்து ஜன்னல்களின் அகலத்தைப் பாருங்கள். எதிரிக்கு அஞ்சிக் கட்டியவன் அப்படி வைப்பானா? உள்ளே 33 படுக்கையறைகள், நான்கே குளியலறைகள். கருங்கல் டப்ளின் அருகே டால்கியிலிருந்து கடல்வழியாக லெட்டர்ஃப்ராக் வந்தது, சுண்ணாம்புக்கல் பாலினஸ்லோவிலிருந்து. நூறு பேர் நான்கு ஆண்டுகள் உழைத்தார்கள். பெரும்பஞ்சம் முடிந்து இருபது ஆண்டுகூட ஆகாத வட்டாரத்தில் அந்தக் கூலி எவ்வளவு பெரிது என்பதையும் சொல்லுங்கள்.

"அயர்லாந்தின் தாஜ்மகால்" என்பது அடுத்த பிழை. மாளிகையைக் கட்டிய மிட்செல் ஹென்றி அறுவை மருத்துவர். மான்செஸ்டர் துணி வணிகரான தந்தை 1862இல் இறந்தபின் மருத்துவத் தொழிலை விட்டவர். மனைவி மார்கரெட் உயிரோடு இருக்கும்போதே, அவருக்குப் பிடித்த இடத்தில், அவர் கையாலேயே அடிக்கல் வைத்து எழுந்த வீடு இது. எகிப்துப் பயணத்தின்போது வயிற்றுக்கடுப்பு கண்டு 1874இல் மார்கரெட் இறந்தார். வயது 45, ஒன்பது குழந்தைகள். அவர் நினைவாக எழுந்தது 1877க்கும் 1881க்கும் இடையே கட்டிய சிறு தேவாலயம். தாஜ்மகாலை ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால் அந்தத் தேவாலயத்தை ஒப்பிடுங்கள். ஆனால் அங்கேயும் கல்லறை இல்லை. சற்றுத் தள்ளி மரங்களுக்கிடையே இருக்கும் எளிய செங்கல் கட்டடத்தில்தான் மார்கரெட்டின் உடலும், 1910இல் இறந்த ஹென்றியின் அஸ்தியும் இருக்கின்றன. அத்தனை அலங்காரம் செய்தவர் தமக்கென்று வைத்துக்கொண்டது அந்தச் செங்கல் அறை.

மூன்றாவது பிழை, "பழைய கன்னிமடம்". பெனடிக்ட் சபைக் கன்னியர் இங்கே வந்தது 1920இல்தான். பெல்ஜியத்தின் ஈப்ர நகரில் 1665இல் தொடங்கிய மடம் அவர்களுடையது; முதல் உலகப்போரின் குண்டுவீச்சில் அது அழிந்தது. இடையில் 1903இல் மான்செஸ்டர் கோமகன் வாங்கி, உள் அறைகளை மாற்றி, கடனில் விட்டுப்போன கதையை நீங்கள் தாண்டிவிடலாம், ஒன்றும் குறையாது. கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளி 2010இல் மூடப்பட்டது. அங்கே ரஞ்சித்சிங்ஜியின் உறவுப் பெண்களும் படித்தார்கள். நம் ரஞ்சிக் கோப்பையின் ரஞ்சி, பக்கத்திலேயே பாலினஹிஞ்ச் மாளிகையை 1924இல் வாங்கியவர். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் பேருந்தே விழித்துக்கொள்ளும். எழும்பூர்க் கன்னிமாரா நூலகத்துக்குப் பெயர் தந்த ஆளுநரின் பட்டத்தில் இருப்பதும் இதே கன்னிமாராதான்.

இனி நேரக் கணக்கு. கைல்மோருக்குக் குறைந்தது மூன்றரை மணி நேரம் வேண்டும். டப்ளினிலிருந்து காலை 7 மணிக்குக் கிளம்பினால், வழியில் ஒருமுறை நிறுத்தியும் 11:15 வாக்கில் சேரலாம். 2:45க்குப் புறப்பட்டால் இரவு 7 மணிக்கு வீடு. ஆகவே அன்று வேறு பெரிய இடம் எதுவும் வேண்டாம். கால்வேயிலிருந்து என்59 சாலையில் வந்து, ரெசஸ் பகுதியில் ஆர்344க்குத் திரும்பி ஈனா பள்ளத்தாக்கு வழியாகப் போனால் கிளிஃப்டன் ஊர் வழியாகச் சுற்றும் நேரம் மிச்சம். சாலை குறுகல், பெரிய பேருந்து என்றால் ஓட்டுநரிடம் முன்பே பேசிவிடுங்கள். கைல்மோரை நெருங்கும்போது ஏரிக்கு அப்பால் மாளிகை தெரிந்ததும் எல்லாரும் நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாதீர்கள். சாலையோரம் ஒதுங்க இடமில்லை. பின்னால் வரும் வண்டி வளைவில் உங்களைப் பார்க்காது. அதே காட்சி உள்ளே வாகன நிறுத்தம் பக்கத்திலிருந்து நிதானமாகக் கிடைக்கும். மாளிகை தெற்கு பார்த்தது, வெளிச்சத்துக்குக் குறைவில்லை. நீரில் தலைகீழ்ப் பிம்பம் வேண்டுமென்றால் காற்று அடங்கியிருக்க வேண்டும், அது உங்கள் அதிர்ஷ்டம்.

இறங்கியதும் மாளிகைக்குள் போகாமல் தோட்டத்துக்குப் போங்கள். அது மேற்கே சுமார் ஒரு மைல் தள்ளி இருக்கிறது. சிறு பேருந்து விடுகிறார்கள். மதியத்துக்குப் பிறகு அதற்கு வரிசை நீளும், உங்கள் குழுவோ ஐம்பது பேர். மழை வலுத்தால் கூரைக்கு அடியில் பார்க்க மாளிகை மிச்சமிருக்கும் என்பது இன்னொரு வசதி.

தோட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். மதில் சூழ்ந்த ஆறு ஏக்கர், நடுவே மலையோடை. ஒருபுறம் மலர்ப்பாத்திகளும் கண்ணாடிக் கூடங்களும், மறுபுறம் காய்கறி, மூலிகை, பழமரங்கள். ஹென்றி காலத்தில் 21 கண்ணாடிக் கூடங்கள் இருந்தன. இந்த மழை மண்ணில் வாழையும் திராட்சையும் அத்தியும் காய்த்தது வெந்நீரின் உபயம்: மூன்று கொதிகலன்கள், ஏறக்குறைய 5,000 அடி குழாய். அக்காலக் கண்ணாடிக் கூடங்களின் சூட்சுமம் எளியது. கொதிகலன் தாழ்வில் இருக்கும். சூடான நீர் இலேசாகி மேலேறும், ஆறியது கனத்துத் தானே திரும்பி வரும். பம்பு வேண்டாம், ஆனால் இரவிலும் நெருப்பு அணையக்கூடாது. ஆள் குறைந்ததும் மரச்சட்டம் உளுத்து, கண்ணாடி விழுந்து, காடு மண்டிவிட்டது. 1995இல் சீரமைப்புத் தொடங்கி, இரண்டு கூடங்களை மட்டும் திரும்ப எழுப்பினார்கள்; மற்றவற்றின் செங்கல் அடித்தளம் அப்படியே தெரிகிறது. பலரும் அதை இடிபாடு என்று தாண்டிப் போகிறார்கள். 21 கூடங்களின் அளவு அங்கேதான் புரியும். விக்டோரியா காலத்தில் இருந்த வகைகளை மட்டுமே இங்கே நடுகிறார்கள் என்பதையும் சொல்லிவையுங்கள். தரை சரிவு, சரளைக்கல். தள்ளுவண்டிக் குழந்தைகளுக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் முன்கூட்டியே தெரியட்டும்.

தேவாலயத்துக்கு மாளிகையிலிருந்து ஏரிக்கரையோடு சில நிமிட நடை. உள்ளே தூண்களைக் காட்டுங்கள்: பச்சை, சிவப்பு, கறுப்பு, சாம்பல் பளிங்குகள், அயர்லாந்தின் நான்கு மாகாணங்களுக்கும் ஒவ்வொன்று. பச்சை இந்த மண்ணின் கல். சிறிய இடம், பதினைந்து பதினைந்து பேராக விடுங்கள். மாளிகைக்கு முக்கால் மணி நேரம் போதும்; திறந்திருப்பது கீழ்த்தள அறைகள் சிலவே.

குடை கொண்டுவரச் சொல்லாதீர்கள். மலைக்காற்று அதை மடக்கிவிடும், தலைமூடி வைத்த மழைச்சட்டைதான் உதவும். காற்றில்லாத ஈரமான கோடை நாளில் மிட்ஜ் பூச்சி கடிக்கும். பூச்சி மருந்து இரண்டு குப்பி பேருந்திலேயே இருக்கட்டும். கட்டுச்சோறு கொண்டுவந்தால் சிற்றுண்டியகத்து வரிசை மிச்சம். கன்னியர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். தேவாலய வாசலில் ஒலிபெருக்கிப் பாட்டு வேண்டாம், கேட்காமல் ட்ரோனும் பறக்க வேண்டாம்.

குழுச்சீட்டை முன்பதிவு செய்யும்போதே தோட்டப் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, கடைசி வண்டி எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பருவத்துக்குப் பருவம் அது மாறும்.

இப்படிக்கு,
கன்னிமாரா வட்டாரத்தில் பார்வையாளர்களுக்கு வழிகாட்டும் சிலர்