அரூபாவில் காற்று எந்தப் பக்கம் என்று முதலில் பார்

அன்புள்ள கயலுக்கு,

கரீபியக் கடற்கரை விடுமுறைக்கு என்று நீ அனுப்பிய மூன்று ஹோட்டல்களின் படங்களையும் பார்த்தேன். டொமினிக்கன் குடியரசின் புன்டா கானாவில் இரண்டு, அரூபாத் தீவில் ஒன்று. மூன்றிலும் அதே நீலம், அதே கீற்றுக்குடை, அதே வெள்ளை மணல். படத்தை நம்பிப் பணம் கட்டாதே. ஆகஸ்ட் மூன்றாம் வாரம் என்பது மாப்பிள்ளையின் லீவை வைத்து முடிவாகிவிட்டது. அந்த வாரம் காற்று எங்கிருந்து அடிக்கும், ஹோட்டல் எந்தக் கரையில் இருக்கிறது, இந்த இரண்டை மட்டும் பார். பார்த்தால் அரூபாதான் மிஞ்சும்.

கரீபியக் கடலில் வருஷம் முழுக்கக் கீழ்த்திசைக் காற்றுதான். நம் கடலோரத்தில் கொண்டல் என்பார்களே, அது அங்கே அநேகமாக நாள் தவறாமல் வீசும். புன்டா கானாவின் கரை கிழக்கைப் பார்த்துக் கிடக்கிறது. அட்லாண்டிக்கில் மிதக்கும் சர்காசம் என்ற பழுப்புப் பாசியை அந்தக் காற்று தள்ளிக்கொண்டு வந்து அங்கே மணலில் கொட்டும். 2011-லிருந்து கரீபியன் முழுக்க இந்தத் தலைவலி. கோடை மாதங்களில்தான் அதிகம். குவிந்து இரண்டு நாள் கிடந்தால் அழுகின முட்டை நாற்றம். காலையில் டிராக்டர் விட்டு அள்ளினாலும் மத்தியானத்துக்குள் மறுபடி வந்து சேரும். மெக்சிகோவின் கான்கூன், துலூம் பக்கமும் கிழக்குக் கரை என்பதால் இதே கதைதான். அரூபாவிலோ பெரிய ஹோட்டல்கள் எல்லாம் மேற்குக் கரையில். பாசி பெரும்பாலும் கிழக்கிலும் தெற்கிலும் ஒதுங்கிவிடும். தீவே முதுகைக் கொடுத்து அலையைத் தாங்கிக்கொள்கிறது.

அடுத்தது புயல். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லாண்டிக்கில் புயல் காலம். ஆகஸ்ட் பாதிக்கு மேல் சூடு பிடிக்கும். அரூபா 12.5 டிகிரி வடக்கில், வெனிசுவேலாவிலிருந்து 29 கிலோமீட்டரில் இருக்கிறது. புயல்கள் பெரும்பாலும் அதற்கு வடக்கே போய்விடும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். 2007-ல் ஃபெலிக்ஸ் கிட்டத்தில் உரசிக்கொண்டு போனது. 1999-ல் லென்னி மேற்கிலிருந்து கிழக்காக, தலைகீழாக நகர்ந்ததால் அடங்கிக் கிடக்கிற மேற்குக் கரைகளில் அலை அடித்தது. தூரத்தில் புயல் போகும் நாளில் வழக்கமான காற்று நின்றுவிடும். புழுங்கும், கொசு வரும், மேற்குக் கரையில் அலை எழும். காற்று நின்ற நாளில் குழந்தை இனியனைக் கடலில் இறக்காதே. அன்றைக்கு நீச்சல் குளம் போதும்.

உனக்கு வரக்கூடிய நஷ்டம் அரூபாவில் இல்லை, வழியில். மயாமியில் விமானம் மாறுகிற டிக்கெட் 80 டாலர் குறைவு என்று எடுத்தால், ஃப்ளோரிடாவில் புயல் வந்தால் நீங்கள் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். நெவார்க்கிலிருந்து நேர் விமானம், நாலரை மணி நேரம், அதையே எடு. பயண இன்ஷூரன்ஸை டிக்கெட் எடுக்கிற அன்றே எடுத்துவிடு. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் பாலிசி அந்தப் புயலுக்குப் பணம் தராது. அமெரிக்க மருத்துவக் காப்பீடு வெளிநாட்டில் எதற்குத் தரும், எதற்குத் தராது என்பதையும் மாப்பிள்ளையை ஒருமுறை கேட்கச் சொல்.

இப்போது சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தில் முக்கியம். மேற்குக் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. தண்ணீர் கண்ணாடி போல் தெரிவதற்குக் காரணமே அதுதான். ஆபத்தும் அதில்தான். காற்றடைத்த வாத்து, வளையம், மெத்தை எதில் குழந்தை உட்கார்ந்தாலும் சத்தமில்லாமல் வெளிக்கடலுக்குப் போகும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று போனில் ஒரு செய்தி படித்து முடிப்பதற்குள் வளையம் எட்டாத தூரத்தில் இருக்கும். நீந்திப் பிடிக்கலாம் என்று கிளம்புகிற அப்பாக்களுக்குத்தான் மூச்சு வாங்கும், ஏனென்றால் திரும்புவது எதிர்காற்றில். பெரும்பாலான கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது. அதனால் காற்றடைத்த சாமான் எதுவும் பெட்டியில் வேண்டாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒப்புதல் முத்திரை உள்ள லைஃப் ஜாக்கெட்டை இனியன் எடைக்குப் பார்த்து அமெரிக்காவிலேயே வாங்கு. மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார். காதுவரை ஏறினால் பெரிசு, மாற்று.

எந்தக் கரை என்று கேட்டாய். நீ பார்த்த ஹோட்டல் ஈகிள் பீச்சில் இருக்கிறது. மணல் அகலம், கூட்டம் குறைவு, கட்டடங்கள் தாழ்வானவை. ஆனால் நாலைந்து அடி வைத்ததும் ஆழம் சட்டென்று இறங்கும், அலையும் கொஞ்சம் உண்டு. தங்க அது நல்லது. குழந்தையைக் குளிப்பாட்ட அங்கிருந்து பத்து நிமிஷத்தில் பாம் பீச். உயரமான ஹோட்டல்கள், ஜெட் ஸ்கீ இரைச்சல், ஆனால் தண்ணீர் அடக்கம். கரைகள் எல்லாம் பொதுவானவை, யாரும் நடக்கலாம், குளிக்கலாம். கீற்றுக்குடைகள் மட்டும் பெரும்பாலும் அந்தந்த ஹோட்டலுக்குச் சொந்தம்.

ஒரு நாள் தெற்குக் கோடியில் பேபி பீச்சுக்குப் போங்கள். முக்கால் மணி நேரக் கார் பயணம். பாறைச் சுவர் அரைவட்டமாகத் தடுத்த குளம் மாதிரி, இனியனின் இடுப்புக்கே நெடுந்தூரம் தண்ணீர். சுவரில் கடலுக்குத் திறக்கும் வாய் ஒன்று இருக்கிறது. அங்கே இழுப்பு பலமாக இருக்கும், நன்றாக நீந்துகிறவர்களுக்கும் ஆகாது. உள்வளைவை விட்டு நகராதீர்கள். நிழல் குறைவு என்பதால் காலை ஒன்பதுக்குள் போய், பதினொன்றுக்குள் கிளம்பிவிடு. கிழக்கு, வடக்குக் கரைகளைக் காரிலிருந்தோ பாறை மேலிருந்தோ பார்க்கலாம், கால் நனைக்கக்கூட இறங்காதே. கொண்டல் நேராக அறைகிற கரை அது. அங்கே புகழ்பெற்றிருந்த கல் பாலமே 2005 செப்டம்பரில் இடிந்து விழுந்தது.

வெயில். அரூபாவின் அட்சரேகை ஏறக்குறைய சென்னையுடையது. சென்னையில் ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகலில் நிழல் காலடிக்குள் ஒளியுமே, அங்கேயும் அதே வாரம்தான், 19-ஐ ஒட்டி. ஆனால் அங்கே கடிகாரப்படி உச்சி 12 மணி இல்லை. தீவு அதன் நேர வலயத்தின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் 12.40-க்குத்தான் சூரியன் தலைக்கு மேல் வரும். ஆகவே பதினொன்று முதல் இரண்டரை வரை உள்ளே இருங்கள். சென்னையில் வெயில் சுடுவது தெரியும், ஓடிவிடுவோம். அங்கே காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் தெரியாது, ராத்திரி குளிக்கும்போதுதான் தோள் எரியும். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று மாப்பிள்ளை சொன்னால் கேட்காதே.

முழுக்கை நீச்சல் சட்டையே முதல் பாதுகாப்பு. சன்ஸ்க்ரீன் பெரியவர் ஒருவருக்கு உடம்பு முழுக்க ஒரு தடவைக்கு 30 மில்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கடையில் விற்கும் 88 மில்லி குழாய் இரண்டு பேருக்கு ஒரு காலைப் பொழுதுக்குக்கூடப் போதாது. சட்டை போட்டுக்கொண்டால் மூவருக்கும் சேர்த்து வாரத்துக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வை. ஆக்சிபென்சோன் கலந்தது 2020 ஜூலை முதல் அரூபாவில் தடை, பவளத்தைக் கெடுக்கிறது என்று. லேபிளைப் படித்து, சிங்க் ஆக்சைடு என்று எழுதியிருப்பதாக வாங்கி, செக்-இன் பெட்டியில் வை. தொப்பிக்குத் தாடைக்கயிறு இல்லாவிட்டால் முதல் நாளே கடலுக்குப் போய்விடும்.

ஈகிள் பீச்சில் தென்மேற்காக வளைந்து நிற்கும் இரண்டு மரங்களின் முன்னால் எல்லோரும் படம் எடுப்பார்கள், டிவிடிவி மரம் என்பார்கள். அது ஃபோஃபோட்டி. டிவிடிவி வேறு. அதன் நெற்றுக்காகத் தோல் பதனிடுகிறவர்கள் ஒரு காலத்தில் நம் நாட்டுக்கும் கொண்டுவந்து வளர்த்த மரம். எதுவானாலும் மரம் சாய்ந்திருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் காற்று வரும் பக்கம். வழி தெரியாமல் போனால் அதைப் பார். அதே கரையில் ஆமைகள் முட்டையிடும். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை வேலி கட்டிய இடங்களைக் காண்பாய். ராத்திரியில் அங்கே டார்ச் அடிக்காதீர்கள், குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்துப் பக்கம் ஓடும்.

சமையலறையோடு இருக்கிற அறையாகக் கேள், அங்கே அதற்குப் பஞ்சமில்லை. இனியனுக்குத் தயிர்சாதம் ஆகிவிடும். சூப்பர்மார்க்கெட்டில் அரிசி, தயிர் எல்லாம் கிடைக்கும், தீவுக்கு எல்லாமே கப்பலில் வருவதால் விலைதான் கூட. குழாய்த் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது, தைரியமாகக் குடிக்கலாம். பாட்டில் வாங்குவது வீண். மாப்பிள்ளை சைவம் என்பதால், தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டுக்காரர்கள் கடை கண்ணில் பட்டால் விடாதே. 1873 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சுரினாமுக்குப் போனவர்களின் ரொட்டி. உருளைக்கிழங்கும் நீளக் காராமணிக்காயும் மசாலாவோடு வரும். மிளகாய் தனியே கேள், அது ஆளை அழவைக்கும். காலையில் பாஸ்டெச்சி என்று பொரித்த பலகாரம் விற்பார்கள். கேஷி என்றால் பாலாடைக்கட்டி வைத்தது. இறைச்சி வேண்டாம் என்பதற்கு 'சின் கார்னி' என்று சொன்னால் போதும்.

டாலரே எங்கும் செல்லும். மீதி ஃப்ளோரினில் வரும், சதுரமான ஐம்பது சென்ட் காசு இனியனுக்கு விளையாட்டாகிவிடும். பில்லில் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு டிப்ஸ் கொடு. இலவசக் காலை உணவு, படகுச் சவாரி என்று சிரித்துக்கொண்டு வருகிறவர் டைம்ஷேர், அதாவது வருஷத்தில் சில வாரம் தங்கும் உரிமை, விற்கிறவர். ஒன்றரை மணி நேரம் என்பார், அரை நாள் போய்விடும். டாக்சிக்கு மீட்டர் கிடையாது, இடத்துக்கு இவ்வளவு என்று அரசு நிர்ணயித்த தொகை. ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடு. கார் இரண்டு நாளுக்கு எடுத்தால் போதும். குழந்தை இருக்கையை வீட்டிலிருந்தே கொண்டுபோ. ஒதுக்குப்புறக் கரைகளில் காருக்குள் எதையும் வைக்காதே.

தேதியில் ஒரு மாற்றம். சனி முதல் சனி வேண்டாம். டைம்ஷேர்க்காரர்கள் எல்லோரும் சனியன்று மாறுவார்கள். திரும்பும்போது அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அரூபா விமான நிலையத்திலேயே நடக்கும், அந்த வரிசையில் சனிக்கிழமை நின்றால் தெரியும். செவ்வாய் முதல் செவ்வாய் என்று வைத்துக்கொள். அன்றும் மூன்று மணி நேரம் முன்னால் போ. இனியன் பையில் பாதி கடித்த ஆப்பிள் இருக்கிறதா என்று பார். அதுவும் அமெரிக்கச் சுங்கத்தின் முன்னால் பழம்தான். நெவார்க்கில் உள்நாட்டு விமானத்தில் வந்தவர்கள் மாதிரி வெளியே வந்துவிடலாம்.

கடைசியாகக் காகிதம். உங்கள் இருவர் பாஸ்போர்ட்டிலும் பல நுழைவு அமெரிக்க விசா முத்திரை செல்லுபடியாக இருந்தால் அரூபா தனி விசா கேட்காது. முத்திரை காலாவதியாகி, அமெரிக்கக் குடியேற்றத் துறையின் ஒப்புதல் கடிதமான ஐ-797 மட்டும் இருந்தால் கிளம்பவே கூடாது. காலாவதியான முத்திரையோடு 30 நாளுக்குள் திரும்பும் சலுகை எச்-1பி வேலை விசாக்காரர்களுக்கும், அவர்கள் குடும்பத்துக்கான எச்-4 காரர்களுக்கும் மெக்சிகோ, கனடாவுக்கு மட்டும்தான். மாணவர்களுக்குக் கரீபியத் தீவுகளும் சேரும். அவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் ஏமாறுகிறார்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால், திரும்பி வரும்போது ஐ-94, அதாவது எதுவரை தங்கலாம் என்ற பதிவு, அந்தத் தேதியோடு வெட்டப்படும், ஐ-797-ல் எவ்வளவு காலம் இருந்தாலும். வீட்டுக்கு வந்ததும் இணையத்தில் ஐ-94-ஐ எடுத்துத் தேதியைச் சரிபார். அரூபா நுழைவு அட்டையைக் கிளம்புவதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் அரசுத் தளத்தில் நிரப்பு. கட்டணம் 20 டாலர், எட்டு வயதுக்குக் கீழே கிடையாது. தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் போலித் தளம், இரண்டு மடங்கு வாங்குவான்.

டிக்கெட்டுக்குக் கை வைக்கும் முன் இரண்டு பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் படம் எடுத்து இன்று ராத்திரி அனுப்பு. மாப்பிள்ளையுடையது அடுத்த வருஷம் முடிவதாக ஞாபகம்.

அன்புடன்,
அப்பா