காட்டில் அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் பசிக்கட்டும்

சிறார் நாவல் எழுதுவோருக்கும் பதிப்பிப்போருக்கும் வணக்கம்.

பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை படிக்கிறவன் நான். நம் காட்டுச் சாகசக் கதைகள் பலவற்றில், பிள்ளை வழிதவறிய அடுத்த அத்தியாயத்திலேயே பேசும் கிளியோ ரேஞ்சர் மாமாவோ வந்துவிடுகிறார். பாவம், அந்தப் பிள்ளைக்குப் பசிக்கக்கூட நேரம் கிடைப்பதில்லை.

கேரி பால்சன் 1987இல் எழுதிய 'ஹாட்செட்' நாவலைப் பாருங்கள். கனடாக் காட்டின் மேல் பறக்கும் சிறு விமானத்தில் விமானிக்கு மாரடைப்பு. கூட இருப்பது 13 வயது பிரையன் மட்டும். விமானம் ஏரியில் விழுகிறது. மிஞ்சுவது அம்மா தந்த கைக்கோடரி. 54 நாள் தனிமை. முதலில் கண்ட பழத்தை அள்ளித் தின்று வயிற்றுவலியில் புரள்கிறான். இருட்டில் நுழைந்த முள்ளம்பன்றியை நோக்கிக் கோடரியை வீச, அது பாறையில் பட்டுப் பொறி பறக்கிறது. அந்தப் பொறியை நெருப்பாக்க அவன் படும் பாடுதான் நாவலின் உச்சம். காய்ந்த புல் பற்றவில்லை, கிழித்துப்போட்ட இருபது டாலர் நோட்டும் பற்றவில்லை. பிர்ச் மரப்பட்டையை நார்நாராகக் கிழித்து வைத்து, மூச்சு கொடுத்து ஊதிய பிறகே பிடிக்கிறது. வில் செய்து மீனை அம்பெய்யப்போனால் குறி தவறிக்கொண்டே இருக்கிறது. தண்ணீரில் ஒளி வளையும் என்று வகுப்பில் கேட்டது நினைவுக்கு வர, மீனுக்குக் கீழே குறிவைக்கிறான். ஒளிவிலகலை இதைவிட நன்றாக நடத்திய வகுப்பை நான் பார்த்ததில்லை.

பெற்றோரின் மணமுறிவும் அம்மாவைப் பற்றி அவன் அறிந்த ரகசியமும் கதை நெடுக அவனை அரிக்கின்றன. இப்படி ஒன்று தமிழில் வந்தால், 'சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு' என்று அதை வெட்டிவிடாதீர்கள்.

நம் காட்டை வைத்தே எழுதலாம். மேற்குத்தொடர்ச்சி மலையில் அடைமழையில் நனைந்த சுள்ளி, காலில் ஏறும் அட்டை, ஆரஞ்சு நிறத்தில் ஆசைகாட்டும் எட்டிப்பழம், யானைத் தடம் என்று எத்தனையோ இருக்கின்றன. ஆனால் நாயகன் யார் என்பதை யோசியுங்கள். நகரத்துப் பையனுக்குப் பயங்கரமான அதே இடம் அந்த மலையிலேயே வாழும் காணிக்காரர் பழங்குடி வீட்டுப் பெண்ணுக்குத் தோட்டம் மாதிரி. 2023இல் கொலம்பியாவில் விமானம் விழுந்து, பெரியவர்கள் எல்லோரும் இறந்தபின், பழங்குடிக் குழந்தைகள் நால்வர் அமேசான் காட்டில் 40 நாள் தாக்குப்பிடித்தார்கள். மூத்தவளுக்கு வயது 13, கடைக்குட்டி கைக்குழந்தை. விமானத்தில் இருந்த மரவள்ளி மாவும் காட்டுப் பழமும்தான் முக்கியச் சாப்பாடு. எதைத் தின்னலாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே, அச்சுக்குப் போகுமுன் கையெழுத்துப் பிரதியைக் காட்டிலேயே வாழும் ஒருவருக்குப் படித்துக்காட்டுங்கள். உரிய தொகையும் கொடுங்கள். இன்னொன்று: புலி வராத கதைக்கு அட்டையில் புலி போடாதீர்கள். எந்தப் பக்கத்தில் வரும் என்று கேட்டுப் பிள்ளைகள் என்னைத்தான் பிடிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்