கூட்டுச் சொத்துல நம்ம ஓட்டு எங்க போகுது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். டைம்ஷேர் மாதிரி பல பேர் சேர்ந்து வாங்குற சொத்துத் திட்டங்கள்ல ஓட்டுரிமை பத்தி வாங்கும்போது யாருமே கேக்குறதில்ல, நானும் கேக்கல. ஒரே வீட்டையோ ரூமையோ வருஷத்துல ஆளுக்கு இத்தன வாரம்னு பிரிச்சு விக்கிறாங்க, பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு ஓட்டு, ஆனா விக்காம கிடக்குற வாரங்களோட ஓட்டு பல திட்டங்கள்ல பில்டர் கையிலயே இருக்கும், அப்புறம் மெயின்டனன்ஸ ஏத்தணும்னு தீர்மானம் வந்தா நாம கை தூக்கி என்ன ஆகப்போகுது? போன மாசம் எனக்கு ஒரு ப்ராக்ஸி ஃபார்ம் (கூட்டத்துல நமக்குப் பதிலா இன்னொருத்தர் ஓட்டுப் போட அனுமதி குடுக்குற படிவம்) வந்துச்சு, பேர் எழுதுற இடத்துல 'கூட்டத் தலைவர்'னு ஏற்கெனவே பிரிண்ட் ஆகியிருந்துச்சு, கீழ கையெழுத்துக்கு மட்டும் ஒரு கோடு. மனைவிதான் கவனிச்சாங்க. அத அடிச்சுட்டு நாங்க நம்புற இன்னொரு ஓனர் பேர எழுதி, ஒவ்வொரு தீர்மானத்துக்கும் நேரா ஆதரவா எதிர்ப்பான்னு டிக் பண்ணி அனுப்பினோம். கட்டணம் பாக்கி இருந்தா ஓட்டு கிடையாதுன்னும் பல ஒப்பந்தத்துல இருக்கு, பாத்துக்கோங்க. ஓனர்கள் லிஸ்ட் கேட்டா தனியுரிமைன்னு மறுக்குறாங்க, ஒருத்தர ஒருத்தர் தெரியாம எப்படிங்க சேர்ந்து எதிர்க்குறது? கட்டண உயர்வு தீர்மானத்துலயாவது விக்காத வாரங்களுக்கு ஓட்டு கூடாதுன்னு சட்டம் வரணும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்